உன் அப்பா கராஜில் குடித்த எக்நாக்

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். நீ நம்பமாட்டாய் என்று தோன்றியதால் அடித்துவிட்டேன். தேங்க்ஸ்கிவிங் முடிந்து என்னை ஏர்போர்ட்டில் விடப் போனாயே, அன்று ஃப்ரீவேயில் வண்டி நகராமல் நின்ற நேரத்தில், முகத்தைத் திருப்பாமலே ஒன்று கேட்டாய். “அம்மா, அப்பா விஷயத்துல நீ எப்பவாவது ஃபீல் பண்ணியிருக்கியா?” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இந்த ஊர் மலையெல்லாம் ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு நான் வருவதற்குள் அதற்குப் பதில் வேண்டும், பதில் இல்லை என்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். தையில் உனக்குக் கல்யாணம், இப்போது மார்கழி பிறக்கப் போகிறது. பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். கேட்டவன் நீதான், அதனால் பாதியில் நிறுத்தாமல் படி.

உனக்குத் தெரிந்த கதை பாதிதான். முதல் பாதி நடந்த டிசம்பரில் நீ என் வயிற்றில் இருந்தாய். டெக்ஸஸில் இந்தச் சுகர் லேண்ட் வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிர் வீட்டு டோனா, வாயும் வயிறுமாக நிற்கும் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, பெரிய கண்ணாடி ஜாடியில் சிவப்பு ரிப்பன் கட்டி, இளமஞ்சளாக எதையோ நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் குடிப்பது, உனக்காக விஸ்கி சேர்க்கவில்லை என்றாள். பாலும் ஜாதிக்காயும் மணத்தன. பாசந்திக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று நானும் உன் அப்பாவும் முடிவு கட்டினோம். மார்கழி மாதம், விடியற்காலையில் எழுந்து பொங்கல் வைக்க எனக்கு உடம்பு முடியவில்லை. அதனால் அதையே வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, நாலு இழை குங்குமப்பூ போட்டு, சாமிக்குப் படைத்தேன். இரண்டு நாள் படைத்தேன். இரண்டு நாளும் சூடம் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டு, உன் அப்பாவுக்கு அரை டம்ளர் கொடுத்துவிட்டு மிச்சத்தை நானே குடித்தேன். மூன்றாம் நாள், வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று ஜாடி நிறைய முறுக்கு போட்டுக்கொண்டு போனேன். அந்தச் சந்தோஷத்தில் அவள் செய்முறை சொன்னாள். பன்னிரண்டு முட்டையின் மஞ்சள் கரு, பச்சையாக.

திருநெல்வேலிச் சைவ வீட்டுப் பெண் நான். எங்கள் தெருவில் முட்டை என்ற வார்த்தையைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன், சாமி படங்களைத் துடைத்தேன், விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன், அந்த வயிற்றோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா ஆபீஸிலிருந்து வந்தார், விஷயத்தைக் கேட்டார், சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சோபாவில் சாய்ந்துவிட்டார். “சாமியே ரெண்டு நாளா குடிச்சிட்டுச் சும்மா இருக்காரு, உனக்கு என்னத்துக்கு இந்த அழுகை?” என்றார். நான் அவரை மன்னிக்காதது முட்டைக்காக இல்லை, அந்தச் சிரிப்புக்காக. அதைவிட இன்னொன்று உண்டு, இதுவரை யாரிடமும் சொல்லாதது. அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது. ஜாடியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கியவள் நான். அவர் அதைப் பார்த்திருந்தார், ஆனால் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த டிசம்பரில், எக்நாக் என்று பெயர் போட்டுக் கடையில் விற்கும் அதே பானத்தை அட்டைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்தார். இந்த அடுக்களைக்குள் அது வரக் கூடாது என்றேன். சரி என்றார். கராஜில் பழைய வீட்டுக்காரர் விட்டுப் போன ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது, அதில் வைத்தார். ஹாலில் உட்கார்ந்து குடிக்கக் கூடாது என்றேன். அதற்கும் சரி. குடிக்கிற டம்ளர் வீட்டுக் குழாயில் கழுவப்படக் கூடாது என்றேன். தோட்டத்துக் குழாயில் கழுவிக்கொண்டார். ஆபீஸில் நாற்பது பேரை மேய்த்த மனிதர், வருஷம் தவறாமல் நவம்பர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரைக்கும், சாயங்காலம் ஆனால் துணி துவைக்கும் அறையைத் தாண்டிப் போய், காருக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவார். பக்கத்தில் வந்தால் நான் நகர்ந்து உட்காருவேன்.

இதில் நான் யோக்கியமா என்று கேள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் வேலை பார்த்த பதினெட்டு வருஷமும் வாரத்துக்கு ஒரு பிறந்தநாள் வரும். வந்த கேக்கையெல்லாம் சாப்பிட்டேன். முட்டை போட்டது என்று எனக்குத் தெரியாதா? கண்ணுக்குத் தெரியாத முட்டை சைவம்தான் என்று நம் ஆட்கள் எல்லோரும் ஒரு சட்டம் வைத்திருக்கிறோமே, அதைத்தான் நானும் வைத்திருந்தேன். எக்நாக்கில் மட்டும் அது கண்ணுக்குத் தெரிந்ததா என்ன? உன் அப்பா ஒருநாள் கேட்டார். “கேக்குல இருந்தா தோஷம் இல்ல, இதுல இருந்தா தோஷமா?”  மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதே இல்லை.

நடக்கப் பழகியதும் நீயும் அவர் பின்னாலேயே கராஜுக்குப் போக ஆரம்பித்தாய். அவர் உனக்கு மூடியில் ஊற்றிக் கொடுப்பார். நீ மீசை வைத்துக்கொண்டு உள்ளே வருவாய், நான் உன் வாயை அழுத்தித் துடைப்பேன். ஏழு எட்டு வயதில் நீங்கள் இரண்டு பேரும் அங்கே அரை மணி நேரம் இருப்பீர்கள். என்ன பேசுவீர்களோ, கதவு வழியாகச் சிரிப்பு கேட்கும். நான் வீட்டுக்குள் சுத்தமாக இருந்தேன், தனியாக இருந்தேன். ஒரு தடவை கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிட்டீர்கள். நீ என்னைப் பார்த்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை மேலும் கட்டின புருஷன் மேலும் பொறாமைப்படுகிறவள் உண்டா என்று கேட்பாய். உண்டு, உனக்குச் சோறு போட்டு வளர்த்தவளே அவள்தான்.

அந்தப் பொறாமைக்கு ஒருநாள் ஊர் முன்னால் தீனி போட்டேன். நீ ஹைஸ்கூலில் இருந்தாய். டிசம்பரில் நம் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு சமையலோடு பன்னிரண்டு குடும்பம் வந்திருந்தது. உன் அப்பா கொஞ்ச நேரம் காணாமல் போனார். எங்கே அங்கிள் என்று யாரோ கேட்டார்கள். நான் சத்தமாகச் சொன்னேன். “அவர் கராஜ்ல இருப்பாரு. நாய்க்கு வெளியில தட்டு வச்சிருக்கிற மாதிரி அவருக்கும் அங்க ஒரு டம்ளர் வச்சிருக்கேன்.” எல்லோரும் சிரித்தார்கள். அதே நேரம் அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கேட்டுவிட்டார் என்பது அவர் காதைப் பார்த்தாலே தெரிந்தது, இரண்டும் சிவந்திருந்தன. அவரும் சிரித்தார். சாம்பார் கரண்டியை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பரிமாற ஆரம்பித்தார். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இனி உனக்குத் தெரிந்த பாதி. ஆனாலும் என் வாயால் நீ கேட்க வேண்டும். ஐந்து வருஷம் முன்னால் வயிற்றில் கேன்சர் என்றார்கள், கொஞ்ச நாளில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ்காரர்கள் கொண்டுவந்த கட்டிலை ஹாலில், அடுக்களைக்குப் பக்கத்தில் போட்டோம். நீ லீவு போட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தாய். இரண்டு நாளாக அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. என்ன வேணும்ப்பா என்று கேட்டாய். எக்நாக் என்றார். நீ அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தாய். அன்று திருவாதிரை. நான் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். நீ நேராக உள்ளே வந்து, என் அலமாரியைத் திறந்து, ஒரு டம்ளரை எடுத்து ஊற்றப் போனாய்.

நான் சொன்னேன், “இங்க ஊத்தாத. கராஜுக்குக் கொண்டு போ.”

“அம்மா, அப்பாவால எந்திரிச்சு உக்காரவே முடியல.”

“அப்போ குடிக்க வேண்டாம்.”

நீ என்னைப் பார்த்தாய். இருபத்தாறு வயதுப் பிள்ளை நீ. என்னை அடித்துவிடுவாய் என்றுகூட நினைத்தேன். அடித்திருக்கலாம். கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. “விடுடா. போவோம். பழகின இடம்தான.” நீ அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினாய். அவ்வளவுதான் எடை இருந்தார். அன்று வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்தது, டெக்ஸஸில் வருஷத்துக்கு நாலு நாள் அடிக்குமே அது. அவர் மேல் உன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனாய். உள்ளே குளிர் வருகிறது என்று பின்னாலேயே வந்து கதவைச் சாத்தியதும் நான்தான். பிறகு திரும்பிப் போய், களி அடிப்பிடிக்காமல் கிண்டினேன். கராஜிலிருந்து இந்தத் தடவை சிரிப்பு கேட்கவில்லை. அங்கே அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

ஃபீல் பண்ணினேனா என்று கேட்டாயே. இல்லை. அன்று பண்ணவில்லை. சாமிக்குப் படைக்கிற அன்று வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். அவர் போன அடுத்த டிசம்பரில், கடையில் அந்தப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில், கூடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு பெண் வந்து, ஆர் யூ ஓகே மேம் என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் பண்ணுகிறேன். இதைக் கேட்டு உன் மனம் இளகும் என்று எழுதவில்லை. இளகினால் நீயும் உன் அப்பாவைப்போல் ஏமாளி.

ஆமாம், ஏமாளி என்றுதான் எழுதுகிறேன். செத்தவரை நீ சாமியாக்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாய். அவர் சாமி இல்லை. என்னை இப்படி வளர்த்துவிட்டதில் அவருக்கும் பங்கு உண்டு. குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு முட்டாள்களும் இருந்தோம். இருபத்தைந்து டிசம்பரில் ஒரே ஒரு நாள், அந்தப் பெட்டியை அடுக்களை மேடையில் ‘டங்’கென்று வைத்து, என் கண் முன்னால் ஊற்றிக் குடித்திருந்தால், நான் கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு பழகியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருநாள் எனக்கும் ஊற்று என்று டம்ளரை நீட்டியிருப்பேன். அவர் வெளியே போய்க்கொண்டே இருந்தார். போகிறவரைத் துரத்துவது சுலபம், அதற்குப் பெரிய கெட்டவளாக இருக்க வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு என் புத்திமதி இது ஒன்றுதான்: வெளியே போ என்று வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தர் சொன்னால், போகக் கூடாது.

இந்தப் புத்திமதி உனக்குத் தேவைப்படாது என்று எனக்குத் தெரியும். உன்னை யாரும் எங்கேயும் அனுப்பப் போவதில்லை. கலிஃபோர்னியாவில், டப்ளினில் உன் வீட்டில் இருந்த நாலு நாளும் நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ இரண்டு வருஷமாக வீகன். பால் இல்லை, தயிர் இல்லை, நெய் இல்லை. நல்லது, உன் உடம்பு, உன் இஷ்டம். நீ கட்டிக்கொள்ளப் போகிற யாழினி கோபிச்செட்டிபாளையத்துப் பெண், மீன் குழம்பில் வளர்ந்தவள். தேங்க்ஸ்கிவிங் அன்று காலையில் கடைக்குப் போனவள் ஒரு எக்நாக் பெட்டியோடு வந்தாள். மாமாவுக்குப் பிடிக்கும் என்று நீ சொன்னாயாம், அவர் நினைவாக எல்லோரும் ஒரு வாய் குடிக்கலாம் என்று ஆசைப்பட்டாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நீ லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “யாழ், எத்தனை தடவை சொல்றது? அந்த ஸ்மெல் இங்க வேண்டாம். கராஜ்ல வை.”

 நீ என்ன சொன்னாய் என்பதே உனக்கு உறைக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, சரி சரி என்று எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பின்னாலேயே போனேன். அங்கே ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். அவள் முட்டை, அவள் தயிர், ஊரிலிருந்து அவள் அம்மா கட்டிக் கொடுத்த கருவாடு, நெய் ஜாடி, அவளுடைய மொத்தச் சாப்பாடும் அதற்குள் இருந்தது. பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். “சாப்புடறப்ப உக்கார்றதுக்குத்தானுங்க அத்தை. அவருக்கு வாசம் ஆகாதில்லீங்க?” என்றாள், குறை சொல்கிற மாதிரிகூட இல்லை.

பிறகு ஒரு காகிதக் கப்பில் ஊற்றி, குடிப்பேனோ மாட்டேனோ என்ற சந்தேகத்தோடு நீட்டினாள். குடித்தேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு, உன் கராஜில், உன் காரின் பக்கத்தில் நின்றுகொண்டு குடித்தேன். அதே ருசி. “மாமா இதை எங்க உக்காந்து குடிப்பாங்க அத்தை?” என்று கேட்டாள். டைனிங் டேபிளில், நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்று பொய் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. எத்தனை நல்ல குடும்பத்துக்கு வரப் போகிறோம் என்று நினைத்திருப்பாள். அன்று சாயங்காலம் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நீ டைனிங் டேபிளில் உட்கார்ந்து, மிருகங்களுக்கு மனிதன் செய்யும் கொடுமையைப் பற்றி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் காரில் என்னைக் கேள்வி கேட்டாய்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. உன் அப்பாவின் மூக்கும் நெற்றியும் உனக்கு வந்திருக்கின்றன, அதைப் பார்த்து நீ அவர் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ என் பிள்ளை. என்னிடமிருந்து எடுத்ததை என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறாய், ஏனென்றால் எனக்குச் சாமி மேல் பழி போட வேண்டியிருந்தது, உனக்கு அந்தச் சங்கடமும் இல்லை. என்னை வெறுத்தால் என்னைப்போல் ஆகமாட்டோம் என்று ஐந்து வருஷமாக நம்பிக்கொண்டு இருந்துவிட்டாய். இதை நேரில் சொன்னால் நீ எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதினேன்.

நான் கல்யாணத்துக்கு வருவதா வேண்டாமா என்று இனி நீ முடிவு செய்ய வேண்டியதில்லை. நீ தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், இந்த இடத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். யாழினிக்குப் பத்து நிமிஷம் போதும். அவளிடம் சொன்ன பொய்யை நான் திருத்தியாக வேண்டும் இல்லையா? இதே கடிதத்தை, ஒரு எழுத்து மாற்றாமல், அவளுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன்.

அம்மா